வைரக் காந்தமானியை மேசையிலிருந்து வயலுக்குக் கொண்டுபோவது எப்படி

எங்கள் ஆய்வகத்து ஆப்டிகல் டேபிளை நகர்த்த எட்டுப் பேர் வேண்டும். அதன்மேல் பச்சை லேசர், வரிசையாக லென்ஸும் கண்ணாடியும், பக்கத்தில் பீரோ உயரத்துக்கு மைக்ரோவேவ் ஜெனரேட்டரும், இரைச்சலுக்குள்ளிருந்து சிறிய சிக்னலைப் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயரும். இத்தனைக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் வைரத் துண்டு ஒன்று. எல்லாம் சேர்ந்து காந்தப்புலத்தில் ஒரு நொடியில் 1 நானோடெஸ்லா மாற்றத்தைக் காட்டிய நாளில் நாங்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். அதே வாரம் ஒரு நிலவியலாளர் பார்க்க வந்தார். திரையில் இருந்த வளைகோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி தம்பி, இதை நான் எப்ப வயலுக்கு எடுத்துட்டுப் போகலாம்?" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

இப்போது அந்த வைரம் நாலடுக்கு டிபன் கேரியர் அளவுள்ள பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. 2023-ல் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியதிலிருந்து, காந்த உணரி செய்ய வேண்டும் என்று வரும் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆய்வகத்தில் அலைவெண் வளைகோட்டின் பள்ளங்களைப் பார்த்துவிட்டு, அடுத்தது என்ன என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் எந்த வரிசையில் செய்வேனோ அதுதான் இங்கே இருக்கும் வரிசை.

வைரத்துக்குள் நடப்பது

வைரத்தில் ஒரு கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜனும் அதை ஒட்டிய இடம் காலியாகவும் இருந்தால் அது என்வி மையம். பச்சை ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் அந்தச் சிவப்பு கொஞ்சம் மங்கும். மைக்ரோவேவின் அலைவெண்ணை மாற்றிக்கொண்டே ஒளியை வரைந்தால் அந்த மங்கல் ஒரு பள்ளமாகத் தெரியும். காந்தப்புலம் இருந்தால் அந்தப் பள்ளம் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகும். ஒவ்வொரு நானோடெஸ்லாவுக்கும் 28 ஹெர்ட்ஸ் வீதம் நகரும். அந்த 28 என்ற எண் இயற்கை கொடுத்தது, எந்தத் தொழிற்சாலையும் அதை அளவு திருத்தித் தர வேண்டியதில்லை. என்னை இந்தத் துறைக்குள் இழுத்ததே அதுதான். தனி ஒரு மையத்தை 1997-ல் ஜெர்மனியின் கெம்னிட்ஸில் பார்த்தார்கள். 2008-ல் ஹார்வர்டு குழுவும் ஸ்டுட்கார்ட் குழுவும் அதை வைத்துக் காந்தப்புலத்தை அளந்து, ஒரே நேரத்தில் நேச்சர் இதழில் எழுதின. ஸ்டுட்கார்ட் கட்டுரையின் முதல் பெயர் கோபாலகிருஷ்ணன் பாலசுப்ரமணியன்.

முதலில் ஒரு எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள்

எதை அளக்கப் போகிறீர்கள், அது எத்தனை சிறியது, எவ்வளவு வேகமாக மாறும், எத்தனை மணி நேரம் அளவு நகராமல் இருக்க வேண்டும். இந்த நான்கையும் எழுதிச் சுவரில் ஒட்டாமல் ஒரு ஸ்க்ரூகூட வாங்காதீர்கள்.

மூளையின் காந்தப்புலம் 1 பிகோடெஸ்லாவுக்கும் (நானோடெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. அதற்கு இன்றைக்கு ருபிடியம் ஆவி உணரிதான் பொருத்தம். நாட்டிங்ஹாம் குழு 2018-ல் அவற்றைத் தலைக்கவசத்தில் பொருத்தி, அசைந்துகொண்டிருக்கும் மனிதரின் மூளையை அளந்து காட்டியது. இதயம் என்றால் பல பத்து பிகோடெஸ்லா. எரிந்து தணிந்த செங்கல் சூளை நூறு நானோடெஸ்லாவுக்கு மேலும் காட்டும்.

எனக்குப் பிடித்த உதாரணம் டோக்கியோவில் ஹடானோ குழு 2022-ல் செய்தது. மின்சார காரின் பேட்டரிக்குள் போகிற வருகிற மின்னோட்டத்தை வைரத்தால் அளந்தார்கள். 1000 ஆம்பியர் வரை போகும் கம்பியில் 10 மில்லிஆம்பியரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் எழுதிக்கொண்ட எண். செப்புப் பட்டையின் இரு பக்கமும் ஒவ்வொரு வைரத்தை வைத்தார்கள். பட்டையில் ஓடும் மின்னோட்டத்தின் புலம் இரண்டு வைரத்துக்கும் எதிரெதிர்த் திசையில் இருக்கும், வெளியிலிருந்து வரும் புலம் ஒரே திசையில் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வெளிப்புலம் காணாமல் போய்விடுகிறது. உணர்திறனில் சாதனை படைக்கும் ஆசையை ஒதுக்கிவிட்டு, கேட்ட கேள்விக்கு ஏற்ற பெட்டியைச் செய்திருக்கிறார்கள்.

நாங்கள் எழுதிய எண்: ஒரு நொடியில் 1 நானோடெஸ்லா. நான்கு மணி நேரம் நகராமல் என்பதை எழுத மறந்துவிட்டோம். அந்த மறதிக்கு இரண்டு வருடம் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் எண்ணை, ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் ஃப்ளக்ஸ்கேட் காந்தமானியோ சீசியம் காந்தமானியோ எட்டிவிடும் என்றால், அதையே வாங்கிக்கொள்ளுங்கள். வைரத்துக்கு உண்மையாகவே பலம் இருக்கும் இடங்கள் உண்டு. படிகத்தில் என்வி மையங்கள் நோக்கி நிற்கும் நான்கு திசைகள் அணு வரிசையால் நிலைத்தவை, அதனால் புலத்தின் திசையும் சேர்ந்து கிடைக்கும். சூடாக்க வேண்டாம், திரவ ஹீலியம் வேண்டாம். பெரிய புலத்திலும் திணறாது. இவற்றில் ஒன்றாவது உங்களுக்குத் தேவையாக இருக்க வேண்டும்.

மேசையைப் பிரிப்பது

இது பயமாகத் தெரிந்தாலும் எளிதாக முடிந்துவிடும் பகுதி. பெரிய 532 நானோமீட்டர் லேசருக்குப் பதில் 520 நானோமீட்டர் டையோடு லேசர் போதும், மையங்கள் அதையும் ஏற்கும். மைக்ரோவேவுக்கு 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் ஏடிஎஃப்4351 சிப் பொருத்திய பலகை கடையில் கிடைக்கிறது. அதன் பின்னால் ஒரு வாட் ஆம்ப்ளிஃபயர், வைரத்தின் அடியில் அச்சுப் பலகையிலேயே வரைந்த ஒரு வளையம். லாக்-இன் வேலையை ஒரு சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்: மைக்ரோவேவின் அலைவெண்ணை நொடிக்குச் சில ஆயிரம் முறை அசைத்து, ஒளி எப்படி அசைகிறது என்று பார்த்து, பள்ளத்தின் நடுவை விடாமல் துரத்த வேண்டும்.

ஒளியைச் சேகரிப்பதில் மட்டும் நேரம் செலவழியுங்கள். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4. உள்ளே பிறக்கும் சிவப்பு ஒளியில், தட்டையான ஒரு முகத்தின் வழியாக வெளியே வருவது நூற்றில் நாலைந்து பங்குதான். மிச்சம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். விலை உயர்ந்த லென்ஸை எடுத்துவிட்டு, பச்சையைத் தடுக்கும் ஃபில்டரை நடுவில் வைத்து ஃபோட்டோ டையோடை வைரத்தோடு ஒட்டி வைத்தோம். பெட்டியும் சிறியதாயிற்று, ஒளியும் கூடியது.

அப்புறம் லேசரின் நடுக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் நூற்றில் ஒன்று, அகலம் 1 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 1 நானோடெஸ்லாவுக்கு 28 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் ஒளி மாறுவது கோடியில் மூன்று பங்கு. எந்த டையோடு லேசரும் இவ்வளவு அமைதியாக எரியாது. அதனால் வைரத்துக்குப் போகும் முன்பே லேசரிலிருந்து ஒரு துளியைப் பிரித்து இரண்டாவது டையோடுக்கு அனுப்பி, இரண்டையும் மின்சுற்றிலேயே கழித்துவிடுங்கள். கழிப்பதை மென்பொருளுக்கு விடாதீர்கள்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 100 மில்லிவாட் பச்சை லேசர் கண்ணைப் பறித்துவிடும். மூடி திறந்தால் லேசர் தானாக அணையும் சுவிட்சை முதல் நாளே வையுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே கூடாது.

வெப்பம்

இங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள். நானும் தோற்றேன்.

பெட்டி தயாரானதும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். ஏப்ரல் மாதம், காலை ஒன்பது மணி. திரையில் எண் ஏறத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் பல ஆயிரம் நானோடெஸ்லா. பூமியின் புலம் சென்னைப் பக்கம் மொத்தமே 41,000 அளவில்தான். பூமி மாறவில்லை, பெட்டி சூடானது. 2.87 கிகாஹெர்ட்ஸ் என்ற அந்த நடு அலைவெண் ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். ஒரே ஒரு பள்ளத்தை மட்டும் துரத்தினால், ஒரு டிகிரி என்பது 2,600 நானோடெஸ்லா மாதிரி தெரியும். டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கே 2.6 நானோடெஸ்லா. குளிரூட்டிய ஆய்வகத்தில் அன்றாடம் அளந்துகொண்டிருந்தபோது இது எங்கள் கண்ணில் படவே இல்லை.

மருந்து வைரத்திலேயே இருக்கிறது. வெப்பம் ஏறினால் மேல்பள்ளமும் கீழ்ப்பள்ளமும் சேர்ந்தே இறங்கும். புலம் ஏறினால் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஆகவே இரண்டையும் மாறி மாறித் துரத்துங்கள். இரண்டின் வித்தியாசம் புலத்தைச் சொல்லும், இரண்டின் கூட்டுத்தொகை வெப்பநிலையைச் சொல்லும். இதில் வேறொரு நன்மையும் சேர்ந்து வருகிறது. மைக்ரோவேவ் பலகையின் படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், ஒற்றைப் பள்ளத்தில் அது 100 நானோடெஸ்லா பிழை. வித்தியாசத்தில் அதில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். எழுதுபலகையில் இதைக் காட்டும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனம் நிறையும்.

அடுத்தது காந்தம். நான்கு திசைகளின் பள்ளங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பிரிக்க 1 மில்லிடெஸ்லா அளவில் ஒரு சார்புப் புலம், அதாவது நாமே சேர்த்துவைக்கும் நிலையான புலம், வேண்டும். ஆய்வகத்தில் ஒரு நியோடிமியம் காந்தத்தைத் தாங்கியில் மாட்டியிருந்தோம். அதன் வலு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 1 மில்லிடெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் டிகிரிக்கு 1,000 நானோடெஸ்லா. இந்தப் பிழையை வித்தியாசம் எடுப்பது காப்பாற்றாது, ஏனென்றால் அங்கே புலமே உண்மையாக மாறுகிறது. சமாரியம் கோபால்ட் காந்தம் மூன்றில் ஒரு பங்கு பிழையோடு நிற்கும், அதுவும் போதாது.

நாங்கள் கடைசியில் செப்புச் சுருளுக்குப் போனோம். 2 சென்டிமீட்டர் ஆரத்தில் இரட்டைச் சுருள், ஒவ்வொன்றிலும் 100 சுற்று, கால் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம். அதை ஒரு முறை நேராக, ஒரு முறை தலைகீழாக ஓட்டுகிறோம். நேராக ஓடும்போது சுருளின் புலமும் பூமியின் புலமும் கூடும், தலைகீழாக ஓடும்போது கழியும். இரண்டு அளவையும் கழித்துப் பாதியாக்கினால் சுருள் போய், பூமி மட்டும் நிற்கும். மின்னோட்டம் மெல்ல நகர்ந்தாலும் கவலை இல்லை, ஒரு சுற்று முடிவதற்குள் நகராமல் இருந்தால் சரி. அளக்கும் வேகம் பாதியாகும். கொடுக்க வேண்டிய விலைதான்.

வைரத்தை எதன்மேல் உட்காரவைப்பது என்பதும் வெப்பக் கேள்விதான். கண்ணாடித் தகட்டில் ஒட்டியபோது லேசர் பட்ட இடத்தில் பசை கருகிவிட்டது. வைரம் செம்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், ஆனால் கடத்திக் கொடுக்கக் கீழே ஒருவர் வேண்டுமே. அலுமினியம் நைட்ரைடு அல்லது சிலிக்கன் கார்பைடு தகடு வையுங்கள். செப்புத் தகடு மைக்ரோவேவைக் கெடுக்கும்.

பெட்டியின் சொந்தக் காந்தம்

எங்களுக்குப் பெட்டி கடைந்து கொடுத்த லேத் அண்ணன் நல்ல எண்ணத்தோடு, "துரு பிடிக்காது சார்" என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூக்களைப் போட்டுக் கொடுத்தார். 304 ரக ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது என்று நானும் நம்பினேன். ஆனால் மரை போடும்போது உலோகம் நசுங்கும் இடத்தில் அது கொஞ்சம் காந்தமாகிவிடும். பெட்டியை வடக்கே திருப்பினால் ஒரு எண், கிழக்கே திருப்பினால் வேறு எண். பித்தளை, டைட்டேனியம், நைலான் மட்டும் பயன்படுத்துங்கள்.

நாங்கள் ஏமாந்த மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தங்கம் பூசிய மைக்ரோவேவ் கனெக்டர்களில் தங்கத்துக்கு அடியில் நிக்கல் இருக்கும். உருளை லித்தியம் செல்களின் கூடு நிக்கல் பூசிய இரும்பு. அதனால் பேட்டரி உணரித் தலையிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி இடுப்பில் இருக்கட்டும், நடுவே முறுக்கிய இரட்டைக் கம்பி போகட்டும். முறுக்காவிட்டால் போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழிக்காது. 1 மீட்டர் தள்ளி ஒற்றைக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால் 2,000 நானோடெஸ்லா. குளிர்விக்க ஃபேன் வைக்கவே கூடாது, அதற்குள்ளேயே காந்தம் இருக்கிறது.

வாங்கும் ஒவ்வொரு பாகத்தையும், ஒரு வாஷரைக்கூட, பெட்டிக்குள் போடும் முன் ஓடிக்கொண்டிருக்கும் உணரியின் முன்னால் ஆட்டிப் பாருங்கள். எண் அசைந்தால் அது உள்ளே போகக் கூடாது. எங்கள் ஆய்வக வாசலில் இதற்கென்றே ஒரு மேசை போட்டிருக்கிறோம். பெல்ட் பக்கிள், செல்போன், சேஃப்டி பின், மூக்குக் கண்ணாடி எல்லாம் அங்கேயே கழற்றி வைக்க வேண்டும்.

முடிவில் சுழற்சிச் சோதனை. ஸ்டாண்டை மரத்தில் செய்துகொள்ளுங்கள், ஆணி இல்லாமல், மர முளை அடித்து. பெட்டியை அதில் வைத்து 30 டிகிரி, 30 டிகிரியாக முழுச் சுற்று சுற்றுங்கள். மொத்தப் புலம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் முறை எங்களுக்கு 600 நானோடெஸ்லா ஏற்ற இறக்கம். ஸ்க்ரூ, கனெக்டர், பேட்டரி எல்லாவற்றையும் மாற்றியபின் 5-க்கு வந்தது.

வெளியே போகும்போது

1904-ல் பம்பாயின் கொலாபா காந்த ஆய்வகத்தை அலிபாகுக்கு மாற்றினார்கள். காரணம், நகரில் மின்சார டிராம் வரப்போகிறது என்பது. இரண்டு இடத்திலும் சில காலம் சேர்ந்தே அளந்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திவிட்டுத்தான் பழையதை மூடினார்கள். காந்தம் இல்லாத போர்பந்தர்க் கல்லால் கட்டடம் கட்டினார்கள். நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய அந்தப் பொறுமைதான் இன்றைக்கும் பாடம். உங்கள் பெட்டியையும் முதலில் ஏற்கெனவே நம்பப்படும் ஒரு புரோட்டான் காந்தமானிக்குப் பக்கத்தில், இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காத தூரத்தில், ஒரு வாரம் ஓட விடுங்கள்.

மின்கம்பி எங்கும் இருக்கிறது. ஒவ்வொரு அளவையும் 20 மில்லிநொடியின் முழு மடங்காக எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தானாகச் சராசரியில் அழியும். லாரி, ரயில், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஆகியவற்றுக்கு ஒரே வழி இரண்டு உணரி: ஒன்று ஓரிடத்தில் நிற்கட்டும், மற்றது நடக்கட்டும். தெற்கே போகப் போக இது இன்னும் அவசியம். திருநெல்வேலிப் பக்கம், பூமியின் புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நிலநடுக்கோட்டை ஒட்டி, வானில் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகலில் ஒரு மின்னோட்ட ஆறு ஓடுகிறது. நண்பகலில் அது தரையில் பல பத்து நானோடெஸ்லா ஏற்றிவிடும். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அங்கே மையம் வைத்திருப்பதே அதற்காகத்தான். நிற்கும் உணரி இல்லாமல் மதியம் நடந்தால், வானத்தை அளந்துவிட்டு மண்ணை அளந்ததாக நினைப்பீர்கள்.

எங்கள் முதல் நிஜ வேலை செங்கல்பட்டுப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு செங்கல் சூளை. மண்ணில் இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் 580 டிகிரிக்கு மேல் சூடாகிக் குளிரும்போது, அன்றைய பூமிப் புலத்தை அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும். மேலே மண் மூடியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். அரை மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி நடந்தோம். காவலுக்கு இருந்த பெரியவர் கூடவே வந்து, "என்ன தம்பி, புதையலா?" என்று கேட்டுக்கொண்டே கயிற்றைப் பிடித்து உதவினார்.

சூளைக்கு மேலே எண் ஏறும் என்று காத்திருந்தேன். இறங்கியது. ஒரு மணி நேரம் பெட்டியைத் திறந்து பிழை தேடினேன். பிழை என் தலையில்தான். நான் படித்த கையேடுகள் புலம் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பாயும் ஐரோப்பாவில் எழுதியவை. நம் ஊரில் புலம் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருப்பதால், புதைந்த பொருளுக்கு நேர் மேலே எண் குறையும், வடக்கிலும் தெற்கிலும் ஏறும். காகிதத்தில் வரைந்து பார்த்ததும் சூளையின் சுவர்கள் கோடு போட்ட மாதிரி தெரிந்தன.

கையில் கொடுக்கும்போது

அந்த நிலவியலாளரிடம்தான் முதல் பெட்டியைக் கொடுத்தோம். திரையில் எட்டுப் பள்ளங்களும் அழகாகத் தெரியும்படி செய்திருந்தேன். "இந்த வளைவெல்லாம் எனக்கு எதுக்குத் தம்பி? ஒரு எண்ணு, அதை நம்பலாமா கூடாதான்னு ஒரு விளக்கு, அவ்வளவு போதும்" என்றார். அன்றிரவே மாற்றினோம். வெப்பநிலை வேகமாக மாறினாலோ, ஒரு பள்ளம் தவறினாலோ, ஒளி குறைந்தாலோ விளக்கு சிவப்பாகும். விளக்கு சிவப்பாக இருக்கும்போது பெட்டி எண்ணைக் காட்டாது, சேமிக்கவும் செய்யாது.

அவர் பயன்படுத்திய மூன்று மாதத்தில் நாங்கள் ஆய்வகத்தில் மூன்று வருடத்தில் காணாததெல்லாம் கண்டோம். கடற்கரைக் காற்றில் ஃபில்டரில் பூஞ்சை பிடித்தது. பைக்கில் கட்டிக்கொண்டு போனதில் லேசர் கால் மில்லிமீட்டர் நகர்ந்தது. இப்போது ஒளிப்பாதை முழுவதும் ஒரே உலோகக் கட்டைக்குள், சிலிக்கா ஜெல்லோடு மூடி அடைத்திருக்கிறது. திருப்பிச் சரிசெய்யும் குமிழ் ஒன்றுகூடக் கிடையாது.

ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் அதன் சுழற்சிச் சோதனை எண்களை, தேதி போட்டு, கையால் எழுதி ஒட்டுகிறோம். மாதம் ஒரு முறை அதே மர ஸ்டாண்டில் அதே இடத்தில் சுற்றிப் பாருங்கள். எழுதியிருப்பதைவிட 10 நானோடெஸ்லா விலகினால், வேறு எதையும் தொடும் முன் யாராவது ஸ்க்ரூ மாற்றினார்களா என்று கேளுங்கள்.